எஸ்.எஸ்.டி. போட்டாச்சு, இனி எதில் கை வைக்கலாம்?

கணினி கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், காரைக்குடி வட்டாரமே கூடிப் பேசிக்கொண்டு எழுதியதுபோல் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போட்டாயிற்று, விண்டோஸில் என்னென்ன மாற்ற வேண்டும் என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். பொதுவான பதிலை முதல் கடிதத்துக்குச் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்கு அவரவர் சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 2014இல் வாங்கிய டெஸ்க்டாப், 4 ஜி.பி. ராம், விண்டோஸ் 10. போன மாதம் 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்டோம். மாட்டிக் கொடுத்தவர் ஒரு தாளில் பன்னிரண்டு மாற்றங்களை எழுதிக் கொடுத்து, "இதெல்லாம் செய்யலேன்னா ரெண்டே வருஷத்துல தேஞ்சு போயிடும்" என்றார். பேஜ்ஃபைலை நிறுத்து, சூப்பர்ஃபெட்சை நிறுத்து, ஹைபர்னேட்டை நிறுத்து, இண்டெக்ஸிங்கை நிறுத்து, சிஸ்டம் ரீஸ்டோரை நிறுத்து, டெம்ப் ஃபோல்டரை இடம் மாற்று என்று பட்டியல் நீள்கிறது. செய்யத்தான் வேண்டுமா?
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: வேண்டாம். தாளை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிடுங்கள்.

அந்தப் பட்டியல் முழுப் பொய்யல்ல, காலாவதியானது. எஸ்.எஸ்.டி. வீட்டுக் கணினிகளுக்கு வரத் தொடங்கிய 2008, 2009 வாக்கில் புழக்கத்தில் இருந்தவை எக்ஸ்பியும் விஸ்டாவும். எஸ்.எஸ்.டி. என்றால் என்னவென்று அவற்றுக்குத் தெரியாது. டிஸ்க்குகளும் சின்னவை, விலையோ யானை விலை. அப்போது ஒவ்வொரு எம்.பி.யையும் மிச்சம் பிடிப்பதில் அர்த்தம் இருந்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7, ட்ரிம் என்ற வசதியோடு வந்தது. அதற்குப் பிறகு வந்த எல்லா விண்டோஸும் எஸ்.எஸ்.டி.யைத் தானே அடையாளம் கண்டு, செய்ய வேண்டியதைத் தானே செய்துகொள்கின்றன.

ட்ரிம் என்ன செய்கிறது என்பது புரிந்தால் பயம் பாதி போய்விடும். எஸ்.எஸ்.டி. எழுதுவது வாசலில் கோலம் போடுவது மாதிரி. புள்ளி புள்ளியாக வைக்கலாம். ஆனால் ஒரே ஒரு புள்ளியை மட்டும் அழிக்க முடியாது, அழிப்பதென்றால் தண்ணீர் தெளித்து வாசலையே கழுவ வேண்டும். டிஸ்க்கில் அந்தப் புள்ளிக்குப் பேஜ் என்று பெயர், வாசலுக்கு பிளாக் என்று பெயர். நீங்கள் ஒரு ஃபைலை அழிக்கும்போது, "இந்த இடம் இனி வேண்டாம்" என்று விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லிவிடுகிறது. அதுதான் ட்ரிம். டிஸ்க் சும்மா இருக்கும் நேரத்தில் அந்த வாசலைக் கழுவி வைத்துக்கொள்ளும். மறுநாள் எழுத வரும்போது இடம் தயார்.

அடுத்து தேய்மானம். உங்கள் டிஸ்க்கின் பெட்டியிலோ கம்பெனியின் தளத்திலோ டி.பி.டபிள்யூ. என்று ஓர் எண் இருக்கும். உத்தரவாதக் காலத்துக்குள் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பதன் கணக்கு அது. 240 ஜி.பி. அளவுள்ள மலிவான சாட்டா (டிஸ்க்கை மதர்போர்டோடு வயரால் இணைக்கும் முறை) எஸ்.எஸ்.டி.களுக்கு 80 டெராபைட் என்பது சாதாரணமாகக் காணும் எண். நீங்கள் கணக்கு எழுதுபவர், நீங்களே போட்டுப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் வலப்பக்கம் மேலே ‘டோட்டல் ஹோஸ்ட் ரைட்ஸ்’ என்று ஓர் எண் தெரியும். இன்று அது 1,240 ஜி.பி. என்று வையுங்கள். முப்பது நாள் கழித்து 1,540 என்றால், மாதத்துக்கு 300 ஜி.பி.; வருடத்துக்கு 3.6 டெராபைட். 80ஐ அதனால் வகுத்தால் 22 வருடம். அதற்குள் கணினியே காயலான் கடைக்குப் போயிருக்கும். உங்கள் எண் இதைவிட மூன்று மடங்கு இருந்தாலும் ஏழு வருடம் ஓடும். அந்த எண்ணுக்குப் பிறகும் டிஸ்க் உடனே செத்துவிடாது, உத்தரவாதம்தான் முடியும்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம். அதில் பெரிய தப்பு, ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடமான பேஜ்ஃபைலை நிறுத்தச் சொன்னதுதான், அதுவும் 4 ஜி.பி. ராம் உள்ள கணினியில். டேலி கணக்கு மென்பொருளும் குரோமும் ஜி.எஸ்.டி. தளமும் ஒன்றாகத் திறந்திருக்கும்போது ராம் நிரம்பும். பேஜ்ஃபைல் இருந்தால் கணினி கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் நினைவகம் போதவில்லை என்று சொல்லி ஏதாவது ஒரு நிரல் பட்டென்று மூடிக்கொள்ளும், சேமிக்காத வவுச்சரோடு. விண்டோஸ் 7 வந்தபோதே மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் கணக்கெடுத்துச் சொன்னது: பேஜ்ஃபைலில் எழுதுவது ஒரு முறை என்றால் படிப்பது ஏறக்குறைய நாற்பது முறை. படிப்பதால் எஸ்.எஸ்.டி. தேயாது, சிறு சிறு துண்டாகப் படிப்பதில்தான் அது கெட்டிக்காரத்தனம் காட்டும். ஆக, பேஜ்ஃபைல் இருக்க வேண்டிய இடமே எஸ்.எஸ்.டி.தான். அளவை விண்டோஸ் பொறுப்பிலேயே விடுங்கள்.

அடிக்கடி திறக்கும் நிரல்களை முன்கூட்டியே ராமில் ஏற்றி வைக்கும் சூப்பர்ஃபெட்சின் இன்றைய பெயர் சிஸ்மெய்ன். நிறுத்தினால் கண்ணுக்குத் தெரிகிற லாபம் எதுவும் இல்லை. சிஸ்டம் ரீஸ்டோரை நிறுத்தினால் சில ஜி.பி. மிச்சமாகும், ஒரு அப்டேட் சொதப்பினால் திரும்பிப் போக வழி இருக்காது. ஃபைல்களைத் தேடப் பட்டியல் போடும் இண்டெக்ஸிங்கும், தற்காலிக ஃபைல்களுக்கான டெம்ப் ஃபோல்டரும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். டெம்ப்பைப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினால், புது மோட்டார் போட்ட வண்டியை மாட்டில் கட்டி இழுத்த கதைதான். அணைக்கும்போது ராமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதி வைக்கும் ஹைபர்னேட் ஃபைல், ராமின் அளவில் நாற்பது சதவீதம் வரை இடம் பிடிக்கும். உங்கள் 4 ஜி.பி.க்கு அது 1.6 ஜி.பி. அதற்காக மெனக்கெட வேண்டாம்.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, ஸ்டார்ட்டில் ‘டிஃப்ராக்’ என்று தட்டி ‘டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ திறந்து பாருங்கள். மீடியா டைப் என்ற பத்தியில் ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று இருக்க வேண்டும், கீழே அட்டவணை வாரம் ஒருமுறை என்று ஆனில் இருக்க வேண்டும். ‘ஹார்ட் டிஸ்க் டிரைவ்’ என்று காட்டினால், கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘வின்சாட் ஃபார்மல்’ கட்டளையை ஓட்டுங்கள். சில நிமிடம் அளந்து பார்த்துத் திருத்திக்கொள்ளும். இரண்டாவது, டிஸ்க்கில் எப்போதும் பத்து முதல் இருபது சதவீதம் காலியாக இருக்கட்டும். விளிம்பு வரை நிரப்பினால் கழுவி வைக்க வாசல் கிடைக்காது, வேகம் படுத்துவிடும். மூன்றாவது, இன்னொரு 4 ஜி.பி. ராம் போடுங்கள். தாளில் உள்ள பன்னிரண்டும் சேர்ந்து தராத வேகத்தை அது தரும். வாங்கும் முன் இருப்பது ‘டி.டி.ஆர்.3’ஆ, ‘டி.டி.ஆர்.3எல்’ஆ என்று ஸ்டிக்கரைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35.

இன்னொன்று: விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. வங்கி வேலை பார்க்கும் கணினி என்றால், தேய்மானத்தை விட இதற்குத்தான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீடு கானாடுகாத்தானில். வருடத்தில் பத்து மாதம் பூட்டியே இருக்கும். பொங்கலுக்கும் விசேஷங்களுக்கும்தான் திறப்போம். ஐயா காலத்துப் புகைப்படங்களும் சொத்துக் கணக்கும் அங்கே உள்ள டெஸ்க்டாப்பில் இருக்கின்றன. இரண்டு வருடம் முன்பு எஸ்.எஸ்.டி. போட்டோம். இந்த முறை ஆன் செய்தால் நீலத்திரை. கடையில் காட்டினால் "எஸ்.எஸ்.டி. போயிருச்சு, புதுசு போடணும்" என்கிறார்கள். நிஜமாகவே போய்விட்டதா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: புதுசு வாங்கும் முன் முப்பது ரூபாய் சமாச்சாரம் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். மதர்போர்டில் பழைய ஒரு ரூபாய் நாணயம் போல் ஒரு பேட்டரி இருக்கும். சி.ஆர்.2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். கணினிக்கு மின்சாரம் இல்லாத மாதங்களில் கடிகாரத்தையும், பழைய மதர்போர்டுகளில் பயாஸ் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை நிரல்) அமைப்புகளையும் உயிரோடு வைத்திருப்பது அதுதான். பூட்டிய வீட்டில் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவீர்கள். முழுச் சுமையும் அதன் தலையில்.

அது தீர்ந்தால் பயாஸ் தன் பிறந்த நிலைக்குத் திரும்பிவிடும். அங்கேதான் வினை. கணினி டிஸ்க்கோடு எந்த முறையில் பேச வேண்டும் என்று சொல்லும் சாட்டா மோட் என்ற ஒரு வரி, எஸ்.எஸ்.டி. போட்டபோது ஏ.எச்.சி.ஐ. என்று வைக்கப்பட்டிருக்கும். பிறந்த நிலையிலோ, பழைய போர்டுகளில் அது ஐ.டி.இ. என்று இருக்கலாம்; வேறு சிலவற்றில் ரெய்டு என்று இருக்கும். விண்டோஸ் தன் டிஸ்க்கைத் தேடி ஒரு வாசல் வழியாக வருகிறது. டிஸ்க் இன்னொரு வாசலில் நிற்கிறது. விளைவு நீலத்திரை, அதில் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்ற வாசகம். விண்டோஸ் 7 என்றால் அதே குற்றம் 7பி என்று முடியும் எண்ணாக வரும்.

அடையாளம் சுலபம். ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப் 2 விசையைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் பேட்டரிதான். கணினியை அணைத்து, பவர் வயரைப் பிடுங்கி, பழைய பேட்டரியின் ஓரத்தில் உள்ள கிளிப்பை நகத்தால் தள்ளுங்கள், அது எகிறி வரும். புதியதைப் பிளஸ் குறி மேலே தெரியும்படி வையுங்கள். மறுபடி பயாஸ், தேதி, நேரம் சரிசெய்து, சாட்டா மோடை ஏ.எச்.சி.ஐ. ஆக்கி, எஃப் 10 தட்டிச் சேமியுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அதே பக்கத்தில் பூட் முறை புதிய யு.இ.எஃப்.ஐ.யா பழைய லெகசியா என்பதையும் மாற்றிப் பாருங்கள், அதுவும் சேர்ந்து புரண்டிருக்கலாம். பயாஸ் பட்டியலில் எஸ்.எஸ்.டி.யின் பெயரே தெரியவில்லை என்றால் மட்டும் கடைக்காரர் சொன்னதை யோசிக்கலாம். அதற்கும் முன் சாட்டா வயரை இரு முனையிலும் கழற்றி மாட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது, அதுதான் பெரியது. எஸ்.எஸ்.டி. மின்சாரம் இல்லாமல் எத்தனை நாள் நினைவு வைத்திருக்கும்? தகவல் மின்னேற்றமாகச் சிறைப்பட்டிருக்கிறது; மெல்ல மெல்லக் கசியும். சிப்களுக்குத் தரவிதி வகுக்கும் ஜெடெக் அமைப்பு எதிர்பார்ப்பது இது: வீட்டுக்கான எஸ்.எஸ்.டி., தன் எழுத்து ஆயுளை முழுக்க முடித்த நிலையில்கூட, 30 டிகிரி செல்சியஸில் மின்சாரமின்றி ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும். அதிகம் எழுதப்படாத டிஸ்க் அதைவிட நீண்ட நாள் தாங்கும். ஆனால் வெப்பம் ஏற ஏற அந்தக் காலம் சுருங்கும். சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் உள்ள வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி) சித்திரையிலும் குளுகுளுவென்றுதான் இருக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை அப்படியல்ல. கணினியைக் கீழ்க்கட்டுக்கு இறக்குங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று மணி நேரம் ஓட விடச் சொல்லுங்கள். ஐயாவின் படங்களுக்கு மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, நீங்கள் இருக்கும் ஊரில் ஒரு பிரதி. பூட்டி வைக்கும் பொருளுக்கு எஸ்.எஸ்.டி. பெட்டகம் ஆகாது.

கேள்வி: அச்சகம் வைத்திருக்கிறேன். எஸ்.எஸ்.டி.யின் வேகத்தைக் கூட்ட, டிவைஸ் மேனேஜரில் ரைட் கேஷ் சம்பந்தமான இரண்டு கட்டங்களையும் டிக் செய்யச் சொன்னார்கள். செய்தேன். வேகம் கூடியதா தெரியவில்லை. மின்தடைக்குப் பிறகு இரண்டு முறை ஃபைல் திறக்காமல் போய்விட்டது.
— வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டாவது கட்டத்தில் உள்ள டிக்கை இன்றைக்கே எடுங்கள்.

டிவைஸ் மேனேஜர், டிஸ்க் டிரைவ்ஸ், உங்கள் எஸ்.எஸ்.டி. மீது வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், பாலிசீஸ். முதல் கட்டம் ‘எனேபிள் ரைட் கேஷிங்’, அதாவது எழுத வேண்டியதை டிஸ்க் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து பிறகு எழுதுவது. இது இருக்கட்டும், எடுத்தால் டிஸ்க் நத்தையாகிவிடும். அதன் கீழே ‘டர்ன் ஆஃப் விண்டோஸ் ரைட்-கேஷ் பஃபர் ஃபிளஷிங்’ என்று உள்ளதுதான் வில்லன். முக்கியமான எதையாவது எழுதியதும் விண்டோஸ் டிஸ்க்கைப் பார்த்து "கையில் வைத்திருப்பதை உள்ளே இறக்கிவிட்டாயா?" என்று கேட்கும். அந்தக் கட்டத்தை டிக் செய்தால் கேட்பதையே நிறுத்திவிடும். டிஸ்க்கின் கையில் இருக்கும்போது கரண்ட் போனால் போனதுதான். சர்வர்களுக்கான எஸ்.எஸ்.டி.களில் கரண்ட் போன பிறகும் எழுதி முடிக்க கெப்பாசிட்டர் வரிசை இருக்கும். கடையில் நாம் வாங்கும் சாதாரண டிஸ்க்குகளில் அது பொதுவாகக் கிடையாது.

உங்களிடம் யு.பி.எஸ். இருக்கிறதா, வீட்டு இன்வெர்ட்டர்தான் இருக்கிறதா என்று எழுதவில்லை. இன்வெர்ட்டர் என்றால் அதில் ஈகோ மோட், யு.பி.எஸ். மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். ஈகோவில் இருந்தால் மாறும் இடைவெளியில் மின்விசிறிக்கு ஒன்றும் ஆகாது, கணினி அணைந்து எழும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி சுமார் 16 மில்லி விநாடிதான் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். யு.பி.எஸ். மோடில் வையுங்கள். அதோடு மேசைக்கடியில் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று இருந்தால், வேலையைச் சேமித்து மூட நேரம் கிடைக்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் நம்பத் தகுந்ததல்ல. பச்சை விளக்கு எரிவதை நம்பாமல், மாதம் ஒருமுறை சுவர் சுவிட்சை அணைத்துச் சோதியுங்கள். மானிட்டரையும் அதிலேயே மாட்டுங்கள். திரை இல்லாமல் எப்படிச் சேமிப்பது?

மின்தடைக்குப் பிறகு டிஸ்க்கே தெரியாமல் போனால் பதற வேண்டாம். கணினியை அணைத்து, டேட்டா வயரைப் பிடுங்கிவிட்டு பவர் வயரை மட்டும் விட்டு, ஆன் செய்து இருபது நிமிடம் விடுங்கள். அணைத்து அரை நிமிடம் பொறுத்து இன்னொரு இருபது நிமிடம். பிறகு டேட்டா வயரை மாட்டுங்கள். உள் முகவரிப் பட்டியல் குழம்பிய டிஸ்க், அந்த ஓய்வில் தானே சரிசெய்துகொண்டு எழுவது உண்டு.

கேள்வி: கல்லூரி மாணவன். லேப்டாப்பில் டி.வி.டி. டிரைவைக் கழற்றி, அந்த இடத்தில் டிஸ்க் பொருத்த உதவும் கேடி என்ற சட்டத்தைப் போட்டு அதில் எஸ்.எஸ்.டி. மாட்டினேன். 550 எம்.பி. வேகம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, 270தான் வருகிறது. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?
— வாசகர், காரைக்குடி

பதில்: மாற்ற வேண்டியது செட்டிங்கை அல்ல தம்பி, இடத்தை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ‘டிரான்ஸ்ஃபர் மோட்’ வரியைப் பாருங்கள். ‘சாட்டா 300 | சாட்டா 600’ என்று இருக்கும். வலப்பக்கம் டிஸ்க்கால் முடிந்தது, இடப்பக்கம் உங்கள் லேப்டாப் கொடுப்பது. பழைய லேப்டாப்கள் பலவற்றில் டி.வி.டி. இடத்துக்கு 3 கிகாபிட் இணைப்புதான். எஸ்.எஸ்.டி.யை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்துக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கேடிக்கும் மாற்றிப் போடுங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது தடிமன். எஸ்.எஸ்.டி. 7 மி.மீ., பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 மி.மீ. அந்த இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் டிஸ்க் ஆடினால் கனெக்டர் தளர்ந்து, லேப்டாப்பைத் தூக்கும்போதெல்லாம் உறையும். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். கழற்றும் முன் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். வெறும் ஷட் டவுன், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் முழுதாக அணைப்பதில்லை.

இதையெல்லாம் செய்து 550 வந்த பிறகும் ஏமாற்றமாக இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கணினி சட்டென்று எழுவதற்குக் காரணம் இந்த எண் அல்ல. ஹார்ட் டிஸ்க் ஒரு துண்டைத் தேடி எடுக்கப் பத்துப் பதினைந்து மில்லி விநாடி, எஸ்.எஸ்.டி.க்கு 0.1. அந்த வித்தியாசம் உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

கேள்வி: 240 என்று எழுதியிருக்கிறது, விண்டோஸ் 223 என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகி, கோட்டையூர்

பதில்: இல்லை அம்மா. கம்பெனி ஒரு ஜி.பி.யை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறது. விண்டோஸ் 107 கோடியே சொச்சம் என்று எண்ணுகிறது. பொருள் ஒன்றுதான், படி வேறு.

கேள்வி: எங்கள் பழைய வீட்டை விருந்தினர் தங்கும் விடுதியாக்கியிருக்கிறோம். எட்டு கேமரா, கணினியிலேயே பதிவு. சத்தமில்லாமல் இருக்கட்டும் என்று பதிவையும் 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி.க்கு மாற்றலாமா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: முதல் கடிதக்காரரிடம் தேய்மானத்தை மறக்கச் சொன்னோம். உங்களிடம் அப்படிச் சொல்ல முடியாது.

ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் எட்டுக்கு 16. அதாவது விநாடிக்கு 2 மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 விநாடி, ஆக 172.8 ஜி.பி. வருடத்துக்கு 63 டெராபைட். 80 டெராபைட் டிஸ்க் பதினைந்து மாதத்தில் கணக்கை முடித்துக்கொள்ளும். அதுவரையிலும்கூட உங்களிடம் இருப்பது ஒன்றே கால் நாள் பதிவுதான். விருந்தினர் கிளம்பிப் போன மறுநாள் ஏதாவது காணவில்லை என்றால் பார்க்க ஒன்றும் இருக்காது.

விண்டோஸுக்கு எஸ்.எஸ்.டி., பதிவுக்குக் கண்காணிப்பு வேலைக்கென்றே வரும் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க். ஒரு மாதப் பதிவு வேண்டுமென்றால் மேற்சொன்ன கணக்குப்படி 5.2 டெராபைட், எனவே 6 டெராபைட் டிஸ்க். அசைவு தெரிந்தால் மட்டும் பதியும்படி வைத்தால் பாதியில்கூட முடியலாம், ஆனால் முற்றத்து மரம் ஆடுவதையெல்லாம் பதியாதபடி அந்தப் பகுதியைத் திரையில் மறைத்துவிடுங்கள். சத்தம்தான் பிரச்சினை என்றால் பெட்டியை முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து எஸ்.எஸ்.டி.யில் போட்டுக் கொடுத்தார்கள். எக்ஸ்பி காலத்திலிருந்து வந்த பார்ட்டிஷன். வேகம் எதிர்பார்த்த அளவு இல்லை. டேலியும் லைசென்ஸ் கேட்கிறது.
— வாசகர், கொத்தமங்கலம்

பதில்: விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி ‘எம்எஸ்இன்ஃபோ32’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். காம்பொனென்ட்ஸ், ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் என்று இறங்கினால் ‘பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட்’ என்று ஓர் எண். அதை 4096ஆல் வகுங்கள். மீதியில்லாமல் வகுபட வேண்டும். விஸ்டா முதல் வந்தவை 10,48,576இல் தொடங்கும். வகுத்தால் 256, சுத்தம். எக்ஸ்பி 32,256இல் தொடங்கும், வகுத்தால் 7.875. உங்களுக்கு வருவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறோம்.

பேரேட்டில் ஒவ்வொரு பதிவும் கோடு மாறி இரண்டு வரியில் பாதி பாதியாக விழுந்தால் எப்படியோ, அப்படி. 4 கே.பி. எழுத இரண்டு பேஜைத் தொட வேண்டியிருக்கிறது. வேகமும் குறைகிறது, தேய்மானமும் கூடுகிறது. பார்ட்டிஷன் மென்பொருள்களில் அலைன்மென்ட் என்ற வசதி இதைச் சரிசெய்யும். ஆனால் எக்ஸ்பி காலத்துக் குப்பையையும் சேர்த்தல்லவா குளோன் செய்திருக்கிறார்கள்? டேட்டாவை வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, பார்ட்டிஷன்களையெல்லாம் அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போடுவதே எங்கள் யோசனை. ஒரு பிற்பகல் வேலை. பயாஸில் சாட்டா மோடை அதற்கு முன்பே ஏ.எச்.சி.ஐ. ஆக்கிவிடுங்கள்.

புதிதாகப் போட மனமில்லை, ஐ.டி.இ.யை மட்டும் மாற்றினால் போதும் என்பவர்கள் நேராகப் பயாஸில் மாற்றிவிடாதீர்கள். மேலே கானாடுகாத்தான் வாசகருக்கு வந்த அதே நீலத்திரை வரும். விண்டோஸ் 8, 10, 11இல் வழி இது: ‘எம்எஸ்கான்ஃபிக்’ திறந்து பூட் பக்கத்தில் சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்து நேரே பயாஸுக்குள் போய் ஏ.எச்.சி.ஐ. ஆக்குங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து தேவையான டிரைவரை எடுத்துக்கொள்ளும். மறுபடி எம்எஸ்கான்ஃபிக், டிக்கை எடுத்து ரீஸ்டார்ட். சேஃப் மோட் சில சமயம் பின் எண்ணை ஏற்காது, கணக்கின் பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும். டிஸ்க் என்கிரிப்ஷன் ஆனில் உள்ள லேப்டாப் என்றால் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

டேலி லைசென்ஸ் கணினியின் உறுப்புகளோடு கட்டப்பட்டது. பழைய டிஸ்க்கை மாட்டி, டேலியைத் திறந்து, லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்யுங்கள். இதை டிஸ்க் மாற்றும் முன்பே செய்திருக்க வேண்டும்.

கேள்வி: பழைய இசைகுடிமானங்களையும் (நகரத்தார் திருமண ஒப்பந்தப் பத்திரங்கள்) வட்டிக்கணக்குச் சிட்டைகளையும் ஸ்கேன் செய்து வந்தேன். ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக ஷிஃப்ட் டெலீட் செய்துவிட்டேன். முன்பு ஹார்ட் டிஸ்க்கில் இப்படி ஆனபோது மீட்டுத் தந்தார்கள். இப்போது முடியாது என்கிறார்கள்.
— வாசகர், ஆ. தெக்கூர்

பதில்: அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஹார்ட் டிஸ்க்கில் அழித்தால் பெயர்தான் போகும், சரக்கு அங்கேயே கிடக்கும். எஸ்.எஸ்.டி.யிலோ அழித்த கையோடு ட்ரிம் போய்விடுகிறது. மீட்பு மென்பொருள் அந்த இடத்தைப் படித்தால் வெறும் பூஜ்யம்தான் வரும். இதற்காக ட்ரிம்மை நிறுத்தலாமா என்று கேட்டுவிடாதீர்கள், வேகம் நாளடைவில் படுத்துவிடும். ஸ்கேனரோடு வந்த மென்பொருள் தனியாக ஒரு பிரதி வைத்திருக்கிறதா, ஃபோல்டர் ஒன்டிரைவில் ஏறியிருந்ததா, யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்பினீர்களா என்று தேடுங்கள். மூலத் தாள் கையில் இருந்தால் அதைவிட நல்ல பேக்கப் இல்லை.

திரும்ப ஸ்கேன் செய்யும்போது ஒரு கணக்கு: ஏ4 தாள், 600 டி.பி.ஐ., வண்ணம், சுருக்காத டிஃப் வகைப் படம் என்றால் ஒரு பக்கம் ஏறக்குறைய 100 எம்.பி. ஆயிரம் பக்கத்துக்கு 100 ஜி.பி. ஸ்கேன் செய்வதும் திருத்துவதும் எஸ்.எஸ்.டி.யில் நடக்கட்டும்; அன்றன்று மாலையில் வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டுக்குப் பிரதி எடுத்து, அவற்றில் ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

கேள்வி: பழைய கணினியை எஸ்.எஸ்.டி.யோடு விற்கிறேன். ஃபார்மட் போதுமா?
— வாசகர், புதுவயல்

பதில்: போதாது. பூஜ்யம் எழுதும் பழைய அழிப்பு மென்பொருளும் வேண்டாம். டிஸ்க் தனக்கென ஒதுக்கி வைத்திருக்கும் பகுதியை அது தொடாது. டிஸ்க் கம்பெனியின் சொந்த மென்பொருளிலோ, சில பயாஸ்களிலோ ‘செக்யூர் இரேஸ்’ என்று இருக்கும். அதைக் கொடுங்கள். எல்லா பிளாக்கையும் டிஸ்க்கே காலி செய்துவிடும். பல டிஸ்க்குகளில் ஒரு நிமிடம்கூட ஆகாது. மற்ற டிஸ்க்குகளின் வயரை அதற்கு முன் கழற்றிவிடுங்கள். தப்பான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் திரும்பி வர வழியில்லை.